ஈசானிய மூலையில் இருந்த அறை

தகர ஷெட்டின் புழுக்கத்தில் ஒற்றை விசிறியை எனக்கும் சேர்த்து வீசிய என் ருக்மணி அக்காவுக்கு,

உங்கள் வசந்தி நம் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. டைப்பில் ஹையர் பாஸ் செய்திருக்கிறாள், போனில் இங்கிலீஷில் கூடப் பேசுகிறாள். முதலாளியின் மகன் அவளைப் பார்த்ததுமே, "ருக்மணியம்மா பொண்ணுக்கு இல்லாத வேலையா" என்று சேர்த்துக்கொண்டார். மோகனூரிலிருந்து நீங்கள் வருவீர்களே, அதே எட்டு மணி பஸ்ஸில்தான் நாமக்கல் வருகிறாள். முதல் நாள் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இரண்டாம் நாள்தான் கவனித்தேன். இந்தப் பங்குனி வெயிலில், காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை, அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. டீக்காரர் வந்தால் "வேண்டாமுங்க" என்று சொல்லிவிடுகிறாள். மத்தியானம் புளிச்சோற்றை உருட்டி விழுங்கிவிட்டு உதட்டை மட்டும் நனைத்துக்கொள்கிறாள்.

"ஏங் கண்ணு, தண்ணி குடிக்கலையா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தாகமே எடுக்காதுங்க சித்தி. அம்மா மாதிரி" என்று சிரித்தாள்.

அம்மா மாதிரி! அன்று முழுக்க ஒரு கடிதம்கூடத் தப்பில்லாமல் அடிக்க முடியவில்லை. உங்களுக்குத் தாகம் எடுத்தது அக்கா. எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

பழைய ஆபீசை நினைத்தால் இப்போதும் எனக்கு வேர்க்கிறது. லாரிக் கம்பெனி என்று பேர் பெரிது, ஆபீஸ் வெறும் தகர ஷெட். நீங்கள் போனில் லோடு புக்கிங், நான் டைப் மிஷின். உங்கள் வீட்டுக்காரர் இதே கம்பெனியில் டிரைவராக இருந்து, போன ஊரில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அந்த இரக்கத்தில்தான் முதலாளி உங்களுக்கு அந்த நாற்காலியைக் கொடுத்தார். நீங்கள் அதை ஒரு நாளும் மறந்ததில்லை. நான் எதைப் பற்றி முனகினாலும், "சோறு போட்ட கை புள்ள, வாய மூடு" என்று அடக்கிவிடுவீர்கள்.

டிரைவர், கிளீனர், மெக்கானிக் என்று ஆண்களாகவே வந்துபோகிற இடத்தில் நாம் இரண்டே இரண்டு பெண்கள். அவர்களுக்கு ஊரில் உள்ள சுவரெல்லாம் சொந்தம். நமக்கு? காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால் வந்ததுதான், மறுபடி சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான். அதற்கு நாம் கண்டுபிடித்த வைத்தியம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. அதில் நமக்குப் பெருமை வேறு! "இன்னிக்கு நான் ஒரே டம்ளர்தான் புள்ள" என்பீர்கள். "நான் அதுவும் இல்லீங்கக்கா" என்பேன். எவ்வளவு பெரிய மடச்சிகளாக இருந்திருக்கிறோம்.

ஒரு கோடையில் போனைக் கையில் பிடித்தபடியே நாற்காலியிலிருந்து சரிந்தீர்கள். சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீரகத்தில் கல் என்றார்கள். "தினமும் ஒரு குடம் தண்ணி குடிக்கணும்மா, இல்லேன்னா கிட்னி கெட்டுப்போயிடும்" என்றார் டாக்டர்.

"குடிக்கறனுங்க. குடிச்சுப்போட்டு எங்கீங்க போறது?" என்று கேட்டீர்கள்.

அவர் மாத்திரைச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்தார்.

நம் நல்ல காலம், எமர்ஜென்சி முடிந்த கையோடு முதலாளி புது ஆபீஸ் கட்டத் தீர்மானித்தார். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு ரிட்டயர்டு ஓவர்சியர் வந்தார், ரஹீம் பாய். வந்தவுடன் அளவு நாடாவை எடுக்கவில்லை அந்த மனிதர். காலி மனையில் ஒரு குச்சியை நட்டு, அதில் வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டு, வாரம் முழுக்க வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர்கள் எல்லாம், "பாய் கொடி நட்டுட்டாருடோய்" என்று கிண்டல் பண்ணினார்கள்.

அவர் பார்த்தது மேக்காத்தை. ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து வந்து துணியைக் கிழிக்கிற மாதிரி வீசுமே, அதை. அந்தக் காற்று ஆபீசுக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி சுவரில் செங்கல்லை இடைவெளி விட்டுக் கட்டினார். மேற்கு வெயில் சுவரில் படாமலிருக்க நான்கு வேப்பமரங்களையும் அப்படியே விட்டு, காம்பவுண்டைத்தான் வளைத்தார். மொட்டைமாடியில் மண்கலயங்களைக் கவிழ்த்து அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்புச் சல்லி போட்டு, ஓடு பதித்தார். "கலயத்துக்குள்ள இருக்கற காத்து வெயிலை இறங்க விடாதும்மா" என்று நமக்கு விளக்கினார். நம்மிடம் வந்து விளக்கின முதல் மனிதர் அவர்தான். "நீங்க எங்கெங்க உக்காருவீங்க, வெளிச்சம் எந்தக் கைப்பக்கம் வேணும், சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

நீங்கள் அவரிடம் தனியாகப் போய் நின்றது எனக்குத் தெரியும். நான் பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"எங்களுக்குன்னு சின்னதா ஒரு ரூம் வேணுமுங்க. என்ன ரூமுன்னு கேக்காதீங்க."

பாய் தலையை நிமிர்த்தாமல் காகிதத்தில் கோடு போட்டார். "எங்க வீட்டுலயும் பொம்பளைங்க இருக்காங்கம்மா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. முதலாளியிடம் என்ன சொன்னாரோ, அவரும் சரி என்றுவிட்டார். காற்று தென்மேற்கிலிருந்து வருவதால், வாடை ஆபீசுக்குள் திரும்பாமல் வெளியே போய்விடட்டும் என்று வடகிழக்கு மூலையில் அதைக் கட்டினார். லாரி நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. கழுவுகிற தண்ணீர் வாய்க்கால் வழியாகப் பின்னாலிருந்த வாழைக்குப் போயிற்று. அந்த வாழைத்தாரைப் பார்த்து நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு யாருக்கும் புரியாது.

அந்த இரண்டு வருஷம்தான் அக்கா நாம் ஆபீசில் மனுஷிகளாக இருந்தது. நடு மத்தியானத்தில் ஃபேனை நிறுத்தினாலும் உட்கார முடிந்தது. என் கையில் வேர்த்துக் கார்பன் தாள் ஒட்டிக்கொள்வது நின்றது. கணக்குப்பிள்ளைக்குத் தலைவலி போய்விட்டது. லோடு இறக்கிவிட்டு வந்த டிரைவர்கள் வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்தால் எழுந்திருக்க மனசே வராமல் கிடந்தார்கள். கரூர், ஈரோடு பக்கமிருந்தெல்லாம் வந்து நம் ஆபீசைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நீங்கள் மண்பானையை உங்கள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, "ஏழாவது டம்ளர் புள்ள!" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்வீர்கள். கன்னமெல்லாம் நிரம்பி, உங்களுக்கு வயசு குறைந்த மாதிரி இருந்தது.

அப்புறம் கணவாயில் நம் லாரி கவிழ்ந்தது. டிரைவர் போய்விட்டார். சின்ன வயசு, கைக்குழந்தை இருந்தது. அவர் பெண்சாதியைக் கட்டிக்கொண்டு முதலில் அழுதது நீங்கள்தான்.

முதலாளி ஆடிப்போய்விட்டார். அவருடைய அம்மா மனையடி சாஸ்திரம் பார்க்கிறவரைக் கூட்டிவந்தார்கள். அவர் ஆபீசைச் சுற்றி வந்து வடகிழக்கு மூலையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஈசானிய மூலைங்க இது! சாமி இருக்கற மூலை. இங்க போயி யாராச்சும் இதக் கட்டுவாங்களா?" முதலாளி நம் பக்கம் பார்க்கவே இல்லை. அவர் கெட்டவர் இல்லை அக்கா, அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். "நானா எதும் முடிவு பண்ணலீங்க. குலதெய்வத்துகிட்டப் பூக்கேட்டுப் பாத்துரலாம். வெள்ளை வந்தா அது பாட்டுக்கு இருக்கட்டும், செவப்பு வந்தா எடுத்துரலாம்" என்றார்.

நம் பக்கத்தில் கல்யாணம், நிலம், கிணறு எல்லாவற்றுக்கும் அப்படித்தானே. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டுக் குலுக்கி, பூசாரி ஒன்றை எடுத்தால் அதுதான் வாக்கு. பொட்டலத்தைக் கன்னிப்பெண் கட்டினால் நல்லது என்று முதலாளியின் அம்மா சொன்னார்கள். ஆபீசிலிருந்து போனவர்களில் கன்னிப்பெண் நான் ஒருத்திதான்.

கோயிலுக்குப் போகிற வேனில் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். ஊர் எல்லை தாண்டினதும் என் காதருகே குனிந்தீர்கள்.

"கண்ணு, ரெண்டுலயும் வெள்ளையவே வெச்சுப்போடு."

"ஐயோ அக்கா! சாமி குத்தமாயிடுமுங்க!"

"ஒரு குத்தமும் ஆகாது. பொம்பளை படற அவதி அதுக்குத் தெரியாதா? அப்படியே கோவிச்சுக்கிட்டாலும் நான் பதில் சொல்லிக்கறன். உம்பேர இழுக்கமாட்டன்."

"பயமா இருக்குதுங்கக்கா."

"எனக்கும் பயமாத்தான் கண்ணு இருக்குது. டாக்டரு சொன்னது உனக்கும் தெரியுமில்ல?"

தெரியும். ஒரு குடம் தண்ணீர். இல்லையென்றால் கிட்னி. அத்தனையும் தெரிந்துதான் அக்கா நான் அதைச் செய்தேன்.

கோயில் கிணற்றடியில் அரளிப்பூவையும் வாழையிலைத் துண்டையும் நூலையும் என் கையில் கொடுத்துவிட்டு எல்லாரும் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. வெள்ளை அரளி தட்டு நிறையக் கிடந்தது. முதல் பொட்டலத்தில் வெள்ளையை வைத்துக் கட்டினேன். இரண்டாவதற்கும் வெள்ளையைத்தான் எடுத்தேன், இலையில்கூட வைத்துவிட்டேன். அப்புறம் அதை எடுத்துப் போட்டுவிட்டுச் சிவப்பை வைத்துக் கட்டினேன்.

சாமிக்குப் பயந்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பாதிதான் உண்மை. அந்த வாரம் என்னைப் பெண்பார்க்கத் திருச்செங்கோட்டிலிருந்து வருவதாக இருந்தது. சாமியை ஏமாற்றினால் அந்த இடம் தட்டிப்போகுமோ, போகிற வீட்டில் தாலி தங்காமல் போகுமோ என்று நினைத்தேன். என் கல்யாணத்துக்குப் பயந்துதான் அக்கா, உங்களை விட்டுக்கொடுத்தேன். இதை எழுதும்போது என் முகத்தில் நானே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "செவப்புங்க" என்ற சத்தம்தான் கேட்டது. சிவப்பு வந்தது என்றால் நான் சிவப்பை வைத்திருக்கிறேன் என்று உங்களுக்கு அந்த நொடியே தெரிந்திருக்கும். நிமிர்ந்து உங்களைப் பார்த்தேன். நீங்கள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

திரும்பி வருகிற வேனில் நான் உங்கள் மடியில் விழுந்து அழுதேன். ஏன் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஓர் அறை விட்டிருக்கலாம். என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு, "விடு சாமி, விடு. கலியாணத்த நெனச்சு சந்தோசமா இரு" என்றீர்கள். என் பயம் எதுவென்று உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

மறுவாரமே அந்த அறையை இடித்துத் துளசிமாடம் கட்டிவிட்டார்கள். வடமேற்கில் வேறு கட்டித் தருகிறேன் என்றார் முதலாளி. சத்தியமாகக் கட்டித்தர நினைத்துத்தான் சொன்னார். டயர் விலை ஏறிற்று, டீசல் விலை ஏறிற்று, ஏதேதோ வந்தது. "அடுத்த வருசம்" என்று ஆயிற்று. அதற்குள் லாரிகள் கூடிவிட்டன, நிறுத்த இடமில்லை என்று வேப்பமரங்களை வெட்டினார்கள். சல்லடைச் சுவர் வழியாகப் புழுதி வருகிறதென்று சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். ரஹீம் பாய் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். மேற்கு வெயில் நேராக உங்கள் நாற்காலிமேல் விழுந்தது. பழையபடி வேர்த்து ஊற்றிற்று. பழையபடி நீங்கள் பானையைத் தள்ளி வைத்துவிட்டீர்கள்.

தெருமுனையில் ஒரு வீட்டில் கேட்டுக்கொண்டு கொஞ்ச நாள் போய்வந்தோம். போகும்போதும் வரும்போதும் அத்தனை ஆண்களின் கண்ணும் நம் முதுகில் இருக்கும். போன் அடித்து நீங்கள் இல்லையென்றால், "எங்க போச்சு அந்தம்மா?" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். பிறகு நீங்கள் போவதை நிறுத்திவிட்டீர்கள். நான் முதலாளிக்கு ஒரு மனு அடிக்க எத்தனை தடவை உட்கார்ந்தேன் தெரியுமா? "மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு" வரை விரல் ஓடும். அதற்கப்புறம் அந்த வார்த்தையை அடிக்க வேண்டும். அடிக்க முடியவில்லை. தாளை உருவிக் கிழித்துப் போட்டுவிடுவேன்.

மனு எழுதத் தெரியாதவளா நான்? பர்மிட்டுக்கு, இன்சூரன்சுக்கு, கலெக்டருக்கு என்று எத்தனை எழுதியிருப்பேன்!

உங்கள் கால் வீங்கிற்று, முகம் வீங்கிற்று. இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்க்க வந்தபோது நான் வாயும் வயிறுமாக இருந்தேன். நீங்கள் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணி நெறையக் குடி புள்ள" என்றீர்கள். எனக்குச் சொன்ன கடைசிப் பேச்சு அது.

அந்தக் கல் முன்பே இருந்தது, எப்படியும் இதுதான் நடந்திருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். நல்ல மனுஷர், என்னைத் தேற்றத்தான் சொல்கிறார். நான் இரண்டிலும் வெள்ளையை வைத்திருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்களா? வேறு யாராவது வேறு ஒரு காரணம் சொல்லி இடித்திருப்பார்களா? யாரிடம் கேட்பேன் இதை?

இப்போது சின்ன முதலாளி பைபாஸில் மூன்று மாடி ஆபீஸ் கட்டுகிறார். சுற்றிலும் கண்ணாடி, முழுக்க ஏ.சி. போன வாரம் வரைபடத்தை மேஜையில் விரித்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். திறக்கிற மாதிரி ஒரு ஜன்னல்கூட இல்லை. "கரண்டு போச்சுன்னா மூச்சு முட்டாதுங்களா?" என்று கேட்டேன். "ஜெனரேட்டர் வெக்கறமுங்க அக்கா" என்று சிரித்தார். பெண்களுக்கு எங்கே என்று அந்தத் தாள் முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. சுற்றி ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள். எத்தனை வருஷம், எத்தனை அழுகை, அத்தனைக்கும் அப்புறமும் அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. வசந்தி எனக்குப் பின்னால்தான் நின்றாள்.

ஆகவே வாயால் முடியாததை எழுத்தால் செய்கிறேன். இந்தக் கடிதத்தை அப்படியே பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். சின்ன முதலாளி படிப்பாரோ மாட்டாரோ, எனக்குத் தெரியாது. என்னை வேலையை விட்டு நிறுத்தினாலும் நிறுத்தலாம். ஆனால் உங்கள் வசந்தி வந்த இரண்டு வாரமும் மோகனூர் பஸ்ஸில் இந்தப் பத்திரிகையைத்தான் விரித்து வைத்துக்கொண்டு வருகிறாள். நாமக்கல்லில் இறங்குவதற்குள் இந்தப் பக்கத்துக்கு வந்துவிடுவாள். அதற்கப்புறம் என்னைச் சித்தி என்று கூப்பிடுவாளா? கூப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்க எனக்கு வாய் கிடையாது.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சத்தியம் செய்கிறேன் அக்கா. அவள் படியேறி வரும்போது நான் சொம்பு நிறையத் தண்ணீரோடு வாசலில் நிற்பேன். என் கையால் வாங்க மாட்டேன் என்றால் கீழே வைத்துவிட்டு நகர்ந்துகொள்வேன். என்னைத் திட்டிக்கொண்டாவது குடிக்கட்டும். குடித்துவிட்டு அவள் எந்நேரம் எழுந்தாலும் நானும் கூட எழுந்து, தெருமுனை வீடு வரைக்கும், எத்தனை கண் பார்த்தாலும், அவள் பின்னாலேயே நடந்து போவேன்.

நீங்கள் சொன்ன ஒரே ஒரு சொல்லைக் கேட்காமல் போன தங்கச்சி,
தங்கமணி